வான் நின்ற இடம்

லீசிங்காரர் வானைக் கொண்டுபோன பிறகு
கராஜில் மிஞ்சியது ஒரு எண்ணெய்க் கறை.
அதன்மேல் மூன்று சாக்கு உமி கொட்டினோம்.
உமியின்மேல் இருநூறு குஞ்சு,
கிண்ணியாவிலிருந்து பெட்டிபெட்டியாய்
பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது.

லிங்கநகரில் கார்த்திகை மழை.
சித்திரையில் இதே தகரத்துக்குக் கீழே
முட்டை வைத்தால் அவிந்திருக்கும்.
இப்போது கடல்பக்கமிருந்து வாடை,
குஞ்சுக்கோ முப்பத்திரண்டு பாகை வேண்டும்.
திருகோணமலையில் சூட்டுக்குக்
கரண்ட் பில் கட்டுவேன் என்று
சத்தியமாய் நினைத்ததில்லை.

குகநேசன் எல்லாவற்றையும் மூடினார்.
ஷட்டரின் அடியில் பழைய ரெயின்கோட்.
வான் கழுவ ஹோஸ் வந்த ஓட்டைக்குள்
என் கிழிந்த நைட்டி.
சுவருக்கும் தகரத்துக்கும் இடையில்
உரச்சாக்கைச் சுருட்டிச் சுருட்டி அடைத்தார்.
நாலு பல்ப், நூறு வாட்.
"இனி எறும்பும் உள்ளே வராது" என்றார்.
கனநாளைக்குப் பிறகு சிரித்தார்.

ஐந்தாம் நாள் விடிய ஷட்டரைத் தூக்கினேன்.
வெங்காயம் அரியாமலே கண் கரித்தது.
சுவரில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது.
குஞ்சுகள் சொண்டைத் திறந்தபடி நின்றன,
சத்தமே இல்லை.
பதினாலு எழும்பவில்லை.
பொறுக்கக் குனிந்தேன்;
குனியக் குனிய மணம் தடித்தது.
நின்றபடி மணந்து பார்த்தவர்கள் நாங்கள் இரண்டுபேரும்.
அதுகளின் மூக்கு நாலு விரல் உயரத்தில் அல்லவா.

"குளிர்தான் கொன்றது" என்றார்.
"இல்லை."
"திறந்தால் சூடு போயிடும்."
"திறக்காவிட்டால் இதுகள் போயிடும்."
ஆரபி நித்திரையில் புரண்டாள்,
நாங்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டோம்.

காற்று எங்கே போகிறது என்று பார்க்கப் புகை வேண்டும்.
சாமித்தட்டில் ஊதுபத்தி தேடினேன்.
கற்பூரப் பெட்டிக்கு அடியில்
ஏழு கடித உறை.
எல்லாம் லீசிங் கம்பனியின் பச்சை முத்திரை.
முதல் திகதி மாசி,
கடைசி ஆவணி.
"ஒரு சொல்லும் சொல்லாமல் வந்து தூக்கிட்டாங்கள்" என்று
வாசலில் நின்று அழுதவர்.
நானும் சேர்ந்து அழுதேன்,
அவங்களை மண் அள்ளித் திட்டினேன்.

உறைகளை அதே ஒழுங்கில் திரும்ப வைத்தேன்.
நெருப்புப்பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஊதுபத்தியை நிலத்தோடு பிடித்தால்
புகை படுத்துக்கொண்டே ஓடியது:
ரெயின்கோட்டின் ஒரு மூலையால்
குளிர் நேரே குஞ்சின் காலுக்கு வந்துகொண்டிருந்தது.
தலைக்குமேல் பிடித்தால்
புகை ஏறி, தகரத்தைத் தொட்டு,
போக இடமில்லாமல் அங்கேயே சுருண்டு நின்றது,
சொல்ல வந்து சொல்லாத ஆள் மாதிரி.

அப்ப, கீழே இறுக்கு. மேலே திற.
பல்புகளைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குத்
தகரத் துண்டால் வட்டம் கட்டு.
நனைந்த உமியை அள்ளு, புது உமி போடு.
கொஞ்சச் சூடு போகத்தான் செய்யும்.
போகிறது போகட்டும்,
இன்னொரு பல்ப் போடலாம்.

ஏணியில் ஏறினார், கையில் உளி.
கீழே நான் டோர்ச் பிடித்துக்கொண்டு.
"மேல் வரியில் எத்தனை கல்லு கழற்ற?"

"ஏழு."

சுத்தியல் அந்தரத்தில் நின்றது.
மழை தகரத்தில் எதையோ எண்ணத் தொடங்கி
இடையில் விட்டுவிட்டது.
அவர் திரும்பிப் பார்க்கவில்லை.
நான் வெளிச்சத்தை அசைக்கவில்லை.

பிறகு முதல் கல்லில் தட்டினார்.

ஒவ்வொன்றாய்க் கழற்றி என் கையில் தந்தார்.
ஒவ்வொரு ஓட்டையாலும்
அந்தப் புளித்த காற்று வெளியே போவது
கழுத்தில் தெரிந்தது.
குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெரிந்தது விட்டு
மெல்ல மெல்லப் பரவி,
கறை கிடந்த இடத்திலும் போய்ப் படுத்தன.

ஏழாவது கல்லை மட்டும் தரவில்லை.
மடியில் வைத்துக்கொண்டு
ஏணியிலேயே இருந்தார்.
"இறங்குங்கோ" என்றேன்.
"கொஞ்சம் பொறு" என்றார்.
"இப்ப இறங்கினால் ஏணி கிறீச்சிடும்.
இப்பதான் படுத்திருக்குதுகள்."